தலையால் தள்ளிக்கொண்டு போகிறவன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஜோர்டானில் எங்கள் இர்பித் நகரத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். மீதிப் பாதி இன்னும் புருஷன் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் எப்போதும் பிரமாதமாக ஓட்டத் தெரியும். எங்கள் குடும்பம் மொத்தமும் பக்கத்து சீட்டுக் குடும்பம்.

கீழ்மாடியில் என் பெரிய தம்பி முஃப்லிஹ். சிமெண்ட் வியாபாரம், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய கௌரவம். அவன் மனைவி உம்மு காலிப். நான்கு பிள்ளை பெற்றவள் என்பதால் பிள்ளை வளர்ப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. அந்த நான்கில் ஒன்றுகூடத் தான் தின்ற தட்டைத் தானே கழுவியதில்லை என்பது வேறு விஷயம். நடுமாடியில் சின்னத் தம்பி நிதாலின் மனைவி ஹனாதியும் அவர்கள் மகன் கைஸும். மேல்மாடியில் நான், நஜ்லா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்ததே போதுமாக இருந்தது.

நிதால் தோஹாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் விமானம் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு மகனைப் பார்த்ததெல்லாம் போன் திரையில்தான். திரையில் முகம் மட்டும் தெரியும். அது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் கைஸ் குள்ளமாகப் பிறந்தவன். மார்பும் வயிறும் மற்றப் பிள்ளைகளின் அளவுதான். தலை பெரிது, நெற்றி முன்னால் தள்ளியிருக்கும். கையும் காலும் குட்டை, அதிலும் தோளிலிருந்து முழங்கை வரை ரொம்பவே குட்டை. சட்டை வாங்கினால் உடம்புக்குப் பொருந்தும், கையை மட்டும் மடித்துவிட வேண்டும். குளிப்பாட்டும்போது இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பார்த்தால் உச்சந்தலையைத் தொடாது, காதோரத்திலேயே நின்றுவிடும். "கையைத் தூக்கிச் சரணடையவே முடியாத ஆளுடா நீ" என்பேன். வாயெல்லாம் ஈறாகச் சிரிப்பான்.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். மூஞ்சியைத் துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் போல வைத்துக்கொண்டு, பேரீச்சம்பழ பிஸ்கட்டை மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போலத் தின்றார்கள். நம் வம்சத்தில் இப்படி யாரும் கிடையாது என்று உம்மு காலிப் காபி ஊற்றும்போதெல்லாம் சொன்னாள். ஹனாதியின் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று அர்த்தம். நம் வம்சத்தில் கழுதைகள் ஏராளம். அதை யாரும் சொல்லிக்காட்டியதில்லை.

நான்தான் ஹனாதியையும் பிள்ளையையும் காரில் தலைநகர் அம்மானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சிரீன் என்ற பிசியோதெரபிஸ்ட். அதிகம் பேசாதவள், பேசினால் நேராகப் பேசுகிறவள். தலை கனம், தசை தளர்ச்சி, கை கால் குட்டை, அதனால் இவன் எல்லாவற்றையும் தாமதமாகத்தான் செய்வான், வேறு மாதிரியும் செய்வான் என்றாள். மற்றப் பிள்ளைகள் உட்காரும் வயதில் இவனை உட்கார வைக்கக் கூடாது. முட்டுக்கொடுத்து நிமிர்த்தி வைத்தால் இளம் முதுகெலும்பு அந்தத் தலையின் கனத்தில் வளைந்து போகும், வளைவு கூனாக நிலைத்துவிடலாம், பிறகு கால் மரத்துப் போகும் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். தரையில் விடுங்கள், குப்புறப் போடுங்கள், தூக்கும்போது ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில், ஒரு கை பிட்டத்துக்கு அடியில். வாக்கர் வேண்டாம், ஊஞ்சல் வேண்டாம். முதுகில் வலு வந்ததும் தானே ஒரு வழி கண்டுபிடித்து எழுந்திருப்பான் என்றாள்.

எனக்கு உடனே புரிந்தது. கிளட்சும் அப்படித்தான். நான் காலைப் பிடித்து அழுத்தி ஒருத்திக்கும் கிளட்ச் வந்ததில்லை.

புரியாதது கீழ்மாடிக்குத்தான். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை என்றால் பல் முளைப்பதற்கு முன்னால் மஜ்லிஸில், ஆண்கள் கூடும் கூடத்தில், உட்கார்ந்தாக வேண்டும். ஆண்கள் சாய்ந்து கை ஊன்றிக்கொள்ளும் கெட்டித் திண்டுகளை எடுத்து நாலு பக்கமும் அடுக்கி, நடுவில் பிள்ளையை நட்டுவைப்பார்கள். அவன் சரியாமல் ஜாடி மாதிரி இருந்தால் ஷேக் ஆகிவிட்டான் என்று கை தட்டுவார்கள். உம்மு காலிபின் நான்கு பிள்ளைகளும் அந்தத் திண்டுக் கோட்டைக்குள் உட்கார்ந்து ஷேக் ஆனவர்கள். மூத்தவன் காலிபுக்கு இன்று வரை அதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியாது.

ஹனாதி பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் பிள்ளை என்னிடம். எனக்கு மாணவிகள் வந்துவிட்டால் கீழ்மாடியில். சிரீன் சொன்னதையெல்லாம் ஹனாதி உம்மு காலிபிடம் பொறுமையாகச் சொன்னாள், ஒரு தடவை அல்ல. உம்மு காலிப் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, பெற்றவளுக்குச் சோம்பேறித்தனம், பிள்ளையைத் துவைக்கிற துணி மாதிரி தரையில் போட்டுவிட்டுப் போகிறாள் என்று தெருவெல்லாம் சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள், இவளோ ஆடுகிறவள் காலையே கோணல் என்கிறவள்.

ஒரு நாள் பாடம் சீக்கிரம் முடிந்து வந்து பார்த்தேன். மஜ்லிஸில் திண்டுக் கோட்டை. நடுவே கைஸ். முதுகு வில்லாக வளைந்து, தாடை மார்பில் புதைந்து, மூச்சு கொர்கொர் என்று வந்துகொண்டிருந்தது. உம்மு காலிப் பக்கத்தில் உட்கார்ந்து சுரைக்காய் குடைந்துகொண்டு, பாருங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்றாள். நான் திண்டுகளைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். ஒரு கை தலைக்கு, ஒரு கை பிட்டத்துக்கு. அன்றிலிருந்து ஹனாதி தன் வேலை நேரத்தை என் பாட நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டாள். பிள்ளை கீழே போவது நின்றது. உம்மு காலிபுக்கு அது செருப்படி. அவள் மறக்கிறவள் அல்ல.

பனிக்காலம் முடியும் சமயத்தில் கைஸ் வழியைக் கண்டுபிடித்தான். என் அறைக் கம்பளத்தில் குப்புறக் கிடந்தவன், நெற்றியைத் தரையில் ஊன்றினான். பிட்டத்தைத் தூக்கினான். இரண்டு காலாலும் உந்தினான். ஒரு நகர்வு. இன்னொன்று. கை இந்த வேலைக்கு எட்டாது என்று தெரிந்ததும் தலையையே மூன்றாவது காலாக்கிக்கொண்டான். கலப்பை போல முன்னால் கம்பளத்தை மடித்துக்கொண்டே போய், என் காபித் தட்டை முட்டி நின்றான். நின்றவன், காலுக்கு நடுவே என்னைத் தலைகீழாகப் பார்த்துச் சிரித்தான். ஹனாதி வீடியோ எடுத்துச் சிரீனுக்கு அனுப்பினாள். இவனைப் போலப் பிறந்த பல பிள்ளைகள் இப்படித்தான் போவார்கள், தடுக்காதீர்கள், இதுதான் அவன் முதுகுக்குப் பயிற்சி, இதிலிருந்துதான் எழுந்து நிற்கவும் கற்றுக்கொள்வான் என்று பதில் வந்தது. ஹனாதி அழுதாள். நானும்தான். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைஸ் தானே போய்ச் சொல்லிவிட்டான். ஒரு விருந்தில், பெண்கள் நிறைந்த கூடத்தில், தலையை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனான்.

எங்கள் பெண்களிடம் ஒரு சாஸ்திரம் உண்டு. கைக்குழந்தை தலையைத் தரையில் வைத்துக் காலுக்கு நடுவே பின்னால் பார்த்தால், தாய் வயிற்றில் அடுத்தது வந்துவிட்டது, அதைத்தான் தேடுகிறது என்பார்கள். எல்லாப் பிள்ளையும் என்றாவது ஒருநாள் அப்படிக் குனியும். எல்லாத் தாயும் என்றாவது ஒருநாள் உண்டாவாள். சாஸ்திரம் பலித்துவிடும். இதற்குப் பெயர் அறிவு.

"ஹனாதிக்கு விசேஷமா?" என்று ஒருத்தி கேட்டாள். கூடம் சிரித்தது. ஊறுகாய்க் கிண்ணத்தை ஹனாதி பக்கம் தள்ளினார்கள். பிறகு யாருக்கோ நிதால் கடைசியாக எப்போது ஊரில் இருந்தான் என்று ஞாபகம் வந்தது. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது. கைஸ் மட்டும் நிறுத்தவில்லை. மற்றப் பிள்ளைகள் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். இவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு விருந்தாளி முன்னாலும் சாட்சி சொன்னான்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த உம்மு காலிபுக்கு அவல் கிடைத்துவிட்டது. அவள் ஒருபோதும் நேராகச் சொல்ல மாட்டாள். "குழந்தைக்குப் பொய் தெரியாதும்மா" என்பாள், பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான். மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது. கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் கண்ணைக் காட்டுவதற்குப் பதிலாக ஹனாதியின் வயிற்றைப் பார்த்தார்கள். என் மாணவி ஒருத்தி, ரவுண்டானாவில் யாருக்கு வழிவிட வேண்டும் என்று இன்றுவரை தெரியாதவள், சிக்னலில் நிற்கும்போது உங்கள் தம்பி மனைவிக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டாள். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி நடந்து வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

முஃப்லிஹ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டான். படித்தவன், ஹஜ் போனவன். இது மூடத்தனம் என்று எனக்குத் தெரியாதா அக்கா, ஆனால் ஊர் வாய் இருக்கிறதே என்றான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றால் உன் பெண்டாட்டி வாயை மூடு, அது சின்னதுதானே என்றேன். அவன் தோஹாவுக்குப் போன் போட்டான். என்ன பேசினான் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை நிதால் வருகிறான், சித்தப்பாக்களும் வருகிறார்கள், ஆடு அறுத்து மன்சஃப் சோறு ஆக்குங்கள் என்றான்.

ஹனாதி அன்று என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அவரு அவங்க பேச்சை நம்பிட்டா என்னை எங்கப்பா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அண்ணி. அதுக்குக்கூட நான் பயப்படல. பிள்ளையைத் தரமாட்டாங்க. கோர்ட்டு கேஸுன்னு நான் அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ள அந்தக்கா இவனைத் திண்டுக்குள்ள வச்சே முதுகை உடைச்சிடும்."

அதுதான் விஷயம். மானமும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு பிள்ளையின் முதுகெலும்பு. அதைக் காப்பாற்ற வேண்டியவன் என் சின்னத் தம்பி. சின்ன வயதில் அண்ணன் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்வான். எனக்கு நம்பிக்கையே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தான். விமான நிலையத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தது நான்தான். வழியெல்லாம் தோஹாவில் எத்தனை மாடிக் கட்டிடங்கள் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவன் மடியில் சாக்லேட் பை. அதற்குள் மருந்துக்கடைப் பெட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி எதற்கு என்று கல்யாணம் ஆகாத எனக்கும் தெரியும். இரண்டு கோடு வந்தால் உண்டு, ஒரு கோடு வந்தால் இல்லை.

"அண்ணன்தான் வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றான்.

"அண்ணன் சொன்னா லிஃப்டு இல்லாத குழியிலயும் குதிப்ப" என்றேன். மேற்கொண்டு பேசவில்லை. பேசியிருந்தால் வண்டி பள்ளத்தில் போயிருக்கும்.

மஜ்லிஸில் சித்தப்பாக்கள் ஆளுக்கொரு திண்டில் சாய்ந்து மன்சஃபை முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டுத் தலையைச் சுற்றிச் சோறு கொஞ்சம்தான் மிச்சம். பெண்கள் நாங்கள் நடை வாசலில். முஃப்லிஹ் தொண்டையைச் செருமினான். நம் வீட்டுப் பெண்மீது யாருக்கும் சந்தேகம் இல்லை, ஊருக்காகத்தான், ஒரே ஒரு தடவை அந்தப் பெட்டியை உபயோகித்துவிட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடும் என்றான். நிதால் பையிலிருந்து பெட்டியை எடுத்தான். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் சாக்லேட்டோடு சேர்த்துக் கம்பளத்தில் வைத்தான்.

ஹனாதி பிள்ளையோடு உள்ளே வந்தாள்.

"நாளைக்கும் குனிவான். நாளன்னிக்கும் குனிவான்" என்றாள். "நடக்கிற வரைக்கும் அவனுக்கு அதான் வழி. தினம் ஒரு டப்பா வாங்கித் தருவீங்களா? நான் எடுக்கமாட்டேன். எடுத்தா, இது கேக்க வேண்டிய கேள்விதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

சித்தப்பாக்கள் பல் குத்துவதை நிறுத்தினார்கள். முஃப்லிஹுக்கு முகம் சிவந்தது. ஆனால் மூளையுள்ளவன், குறுக்கு வழி உடனே தோன்றிவிட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணு. இனிமே அவன் குனியவே கூடாது. ஆம்பளைப் பிள்ளையா உட்கார வைங்க. பிரச்சினை தீர்ந்துது."

உம்மு காலிப் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள். சித்தப்பாக்களின் முழங்கைக்கு அடியிலிருந்து இரண்டு திண்டை உருவினாள். சுவரோரமிருந்து இரண்டு. கோட்டை எழும்பியது. ஹனாதியின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்து, அக்குளில் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் நட்டாள். ஹனாதி அவளைப் பார்க்கவில்லை. நிதாலையே பார்த்தாள். அவன் அண்ணனைப் பார்த்தான். எனக்கு அவனை அந்த ஆட்டுத் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பரிமாறலாம் போல இருந்தது.

கைஸின் முதுகு வளைந்தது. தலை மெல்ல மெல்ல முன்னால் சரிந்தது. சரிந்த தலை கம்பளத்தைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், பயல் நெற்றியை ஊன்றிவிட்டான். பிட்டம் எழும்பியது. கால் உந்தியது. முன்னால் இருந்த திண்டை முட்டினான், அது புரண்டது. கோட்டையை விட்டு வெளியே வந்தான். சாக்லேட் பையை ஒதுக்கினான், பெட்டியை ஒதுக்கினான், சித்தப்பாக்களின் கால்களைத் தாண்டினான். வாசலோரம் நின்றுகொண்டிருந்த அப்பனின் காலுறை போட்ட பாதத்தில் போய் மண்டையை முட்டி நின்றான். காலுக்கு நடுவே பின்னால் பார்த்தான். முட்டிய ஆள் யாரென்று அங்கிருந்து தெரியவில்லை போலிருக்கிறது. ஏதோ கேட்கிற குரலில் ஒரு சத்தம் போட்டான்.

நிதால் குனிந்தான். முகம் தெரியவில்லை. இன்னும் குனிந்தான். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அதே உயரத்துக்கு இறங்கியாக வேண்டும், வேறு வழியே கிடையாது. பிள்ளைக்குப் பின்னால் சுற்றி வந்து, முட்டி போட்டு, கையை ஊன்றி, நெற்றியைக் கம்பளத்தில் வைத்தான். அவனுடைய பிட்டம் அண்ணனுக்கும் சித்தப்பாக்களுக்கும் நேர் எதிரே எழும்பி நின்றது. அப்பனும் பிள்ளையும் தலைகீழாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை சிரித்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

"முஃப்லிஹ், உன் தம்பிக்கு விசேஷம்டா. அந்தப் பெட்டியை அவன்கிட்ட குடு."

ஒரு சித்தப்பா காபியைத் துப்பிவிட்டார். நடை வாசலில் பெண்கள் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். உம்மு காலிபின் சொந்தத் தங்கைகூடச் சிரித்தாள். அந்தச் சாஸ்திரம் எங்கள் தெருவில் அன்று செத்தது. சிரித்துவிட்ட விஷயத்தை யாரும் மறுபடி பயந்து சொல்ல முடியாது.

நிதால் எழுந்திருக்கவில்லை. கேலி அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது. தரையில் கிடந்தபடியே, அண்ணனை அல்ல, பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான்.

"இவனை எப்படித் தூக்கணும்?"

இந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

ஹனாதி உடனே சொல்லிவிடவில்லை. அவளை எனக்குப் பிடிப்பதே அதனால்தான்.

"முதல்ல இந்தத் திண்டையெல்லாம் கொண்டுபோய் வெளியில போடுங்க" என்றாள். "எல்லாத்தையும். இவன் வளர்ற வீட்டுல இது ஒண்ணுகூட இருக்கக் கூடாது. இருந்தா நானும் இவனும் இருக்கமாட்டோம்."

நிதால் எழுந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்தான். கோட்டையிலிருந்தவை, சுவரோரத்தவை, பிறகு சித்தப்பாக்களின் முதுகுக்குப் பின்னாலிருந்தவை. "மன்னிக்கணும் சித்தப்பா" என்று சொல்லிச் சொல்லி உருவினான். முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில் குவியல் ஏறியது.

பிறகு ஹனாதி காட்டினாள். ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில், ஒரு கை பிட்டத்துக்கு அடியில். நிதால் கையை அப்படியே வைத்தான். தூக்கினான். மூன்று பேரும் மாடிப்படி ஏறிப் போனார்கள்.

நான் காபிக் கோப்பைகளை எடுக்க மஜ்லிஸுக்குள் போனேன். வம்சத்துப் பெரிய ஆண்கள் எல்லாரும் திண்டு இல்லாத வெறும் மெத்தையில் இருந்தார்கள். சாய இடமில்லை, ஊன்ற இடமில்லை. முதுகு வளைந்து, தாடை மார்பில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் சரிந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் தானாக நேராக உட்காரத் தெரியவில்லை.